இன்ஜின் வேலை முடித்த அம்பாசிடரில் டைமிங் ஒரே இடத்தில் நிற்கவில்லையா? காரணத்தை வரிசையாகக் கண்டுபிடிக்கும் முறை

இன்ஜின் வேலை முடிந்து வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. டைமிங்கை (பிளக்கில் பொறி விழும் நேரத்தை) அளக்க டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தால் புல்லியில் உள்ள குறி ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் அலைகிறது. ஐட்லிங்கில் ஒரு சீராக ஓடாமல் தடுமாறுகிறது, பிக்கப் ஒரு நாள் இருக்கிறது, மறுநாள் இல்லை. இந்த வழிகாட்டி அந்த நிலைமைக்குத்தான்.

1489 சிசி பெட்ரோல் இன்ஜினும், பாயின்ட் (பொறிக்காகத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்த லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரும் (பொறியை பிளக்குகளுக்குப் பங்கிடும் பாகம்) உள்ள அம்பாசிடரை வைத்து எழுதுகிறேன். பத்மினியோ வேறு பழைய வண்டியோ வைத்திருப்பவர்களுக்கும் இந்த வரிசை பொருந்தும். அளவுகளை மட்டும் உங்கள் வண்டியின் மேனுவலைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் செய்வது, டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப்பைத் தளர்த்தித் திருப்புவது. ஆடுகிற டைமிங்கைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. திருப்பினால் ஆட்டம் அப்படியே இருக்கும், ஆடும் இடம்தான் மாறும். அப்புறம் எங்கிருந்து தொடங்கினோம் என்பதும் தெரியாமல் போகும். கிளாம்ப் போல்ட் கடைசிப் படிக்கு உரியது. அதுவரை அதைத் தொடாதீர்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

டைமிங் லைட் (கிளிப்பை பிளக் வயரில் மாட்டும் வகை), டுவெல் அளவு (பாயின்ட் மூடியிருக்கும் கோணம்) காட்டும் மீட்டர், சாதாரண மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், வயர் கோத்த ஒரு 12 வோல்ட் பல்பு, வெள்ளை பெயின்ட், நல்ல வெளிச்சம், ஒரு ஜாக், ஒரு ஸ்டாண்டு, சக்கரத்துக்கு அண்டைக் கட்டைகள். இவற்றோடு ஒரு நோட்டும் பேனாவும்.

நோட்டை முக்கியமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு படியிலும் என்ன அளவு வந்தது, எதை மாற்றினோம் என்று எழுத வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். பாயின்ட், கண்டன்சர் (பாயின்ட் முகம் கருகாமல் காக்கும் பாகம்), காயில் (பொறிக்கான உயர் வோல்ட் தரும் சுருள்) மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு வண்டி சரியானால், எது கெட்டிருந்தது என்று தெரியாது. சரியாகாவிட்டால் இன்னும் மோசம்: புதிதாகப் போட்டதில் ஒன்று கெட்டதாக இருந்து, இரண்டு கோளாறுகள் ஒன்றையொன்று மறைக்கலாம். புது கண்டன்சர் என்பதாலேயே அது நல்ல கண்டன்சர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கழற்றிய பழையதைத் தூக்கி எறியவும் வேண்டாம்.

2. இரண்டு எச்சரிக்கைகள்

கேம்ஷாஃப்டும் (வால்வுகளை இயக்கும் தண்டு) டேப்பட்டும் புதிதாகப் போட்டிருந்தால், முதல் 20 நிமிடம் இன்ஜினைச் சுமார் 2000 ஆர்பிஎம்மில் ஓட்டிப் பழக்கியாகிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது முடியாமல் ஐட்லிங்கில் வைத்துக்கொண்டு டைமிங்கை ஆராயக் கூடாது. குறைந்த வேகத்தில் கேமுக்குத் தெறிக்கும் ஆயில் போதாது, புது லோப் (கேமில் உள்ள மேடு) தேய்ந்துவிடும். பழக்குவதற்கு டைமிங் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. பல்பு வைத்து நிறுத்திய டைமிங் (10ஆம் படியில் சொல்கிறேன்) போதும்.

இரண்டாவது, ஃபேன். டைமிங் லைட் வெளிச்சத்தில் ஓடுகிற ஃபேன் நின்றுவிட்டது போலத் தெரியும். அந்த மாயத்தில் கை தானாக முன்னே போகும். இரும்பு பிளேடு. முழுக்கைச் சட்டையை மடித்துவிடுங்கள், துண்டு, துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது, லைட்டின் வயரை ஃபேனுக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுவாருங்கள்.

3. முதல் சந்தேகம் டைமிங் லைட் மேல்

ஏன் இங்கிருந்து தொடங்க வேண்டும்? அளக்கும் கருவி ஆடினால் அளவு எல்லாம் ஆடும். கிளிப்பில் அம்புக்குறி இருந்தால் அது பிளக்கைப் பார்த்திருக்க வேண்டும். கிளிப்பின் வாய் முழுதாக மூடியிருக்க வேண்டும். பக்கத்து பிளக் வயர் ஒட்டிக்கொண்டு போனால் அதன் துடிப்பையும் லைட் பிடித்துக்கொள்ளும். முதலாம் பிளக் வயரைத் தனியாக விலக்கிப் பிடித்துப் பாருங்கள்.

லைட்டுக்கான கரன்ட்டை வேறொரு பேட்டரியிலிருந்து கொடுத்தும் ஒருமுறை பாருங்கள். டிகிரி திருப்பும் குமிழ் உள்ள லைட்டாக இருந்தால் குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள். இதில் ஆட்டம் நின்றுவிட்டால் உங்கள் இன்ஜினில் கோளாறே இல்லை. ஐந்து நிமிட வேலைதான். இதை விட்டுவிட்டு இரண்டு நாள் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

4. குறி உண்மையைச் சொல்கிறதா?

இன்ஜின் வேலையின்போது புல்லி மாறியிருக்கலாம், டைமிங் கவர் வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம், புல்லியின் சாவிக்குழி (அதை ஷாஃப்ட்டில் பூட்டும் காடி) தேய்ந்திருக்கலாம். குறி தப்பாக இருந்தால் அதை வைத்து எடுக்கும் அளவு எதற்கும் பொருளில்லை. பிஸ்டன் உண்மையில் உச்சிக்கு வரும் இடத்தை (இனி டாப் என்கிறேன்) நீங்களே கண்டுபிடியுங்கள்.

நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, நடுவே முனை மழுங்கிய ஒரு போல்ட்டை இறுக்கிப் பொருத்தி, அதை முதலாம் சிலிண்டரில் மாட்டுங்கள். பிஸ்டன் உச்சியைத் தொடும் முன் இந்த போல்ட்டில் முட்டி நிற்கும்.

இன்ஜினை இரு பக்கமும் மெல்லச் சுற்ற வேண்டும். ஹேண்டில் ஒரு பக்கம்தான் சுற்றும், எனவே இப்படிச் செய்யுங்கள்: முன் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, பின் சக்கரம் ஒன்றை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டு வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, டாப் கியர் போடுங்கள். இப்போது தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் கிராங்க் இரு பக்கமும் அடிமை போல நகரும். செல்ஃப் மட்டும் அடிக்கக் கூடாது, பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

ஒரு பக்கம் சுற்றி முட்டும் இடத்தில் புல்லி ஓரத்தில் ஒரு கோடு. மறுபக்கம் சுற்றி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் சரிநடுவே உள்ளதுதான் உண்மையான டாப். புல்லியின் வெட்டு, கவரில் உள்ள மூன்று முனைகளில் நீளமானதற்கு நேராக அப்போது வர வேண்டும். மற்ற இரண்டு முனைகள் 5, 10 டிகிரிக்கானவை.

இந்த முனைகள் கவரின் அடிப்பக்கம் இருப்பதால் படுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். நான் டைமிங் கவர் போல்ட் ஒன்றில் ஒரு தகரத் துண்டைப் பிடித்து, மேலிருந்து தெரியும்படி புதுக் குறி வைத்துக்கொள்வேன். அதோடு ஒரு காகித அளவுப் பட்டையும். புல்லியின் சுற்றளவை நூல் வைத்து அளந்து 360ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எவ்வளவு என்று வரும். சுற்றளவு 450 மி.மீ. என்றால் ஒரு டிகிரி 1.25 மி.மீ., 10 டிகிரிக்கு 12.5 மி.மீ. இந்தப் பட்டை இருந்தால்தான் 'ஆடுகிறது' என்று சொல்வதை நிறுத்திவிட்டு 'ஆறு டிகிரி ஆடுகிறது' என்று சொல்ல முடியும்.

முட்டு போல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. மறந்துவிடாதீர்கள்.

5. குறி எப்படி ஆடுகிறது என்று பாருங்கள்

வண்டியைச் சூடேற்றி, ஐட்லிங்கில் விட்டு, ஒரு முழு நிமிடம் லைட்டைப் பிடித்தபடி பாருங்கள். எதையும் தொட வேண்டாம். ஆடும் விதமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

மெதுவாக முன்னே போய் மெதுவாகத் திரும்பி வருகிறது, இன்ஜின் சத்தமும் கூடவே ஏறி இறங்குகிறது என்றால், 6ஆம் படி. வேகமும் அட்வான்ஸும் (பொறி முந்தி விழுவது) ஒன்றையொன்று துரத்துகின்றன.

வேகம் மாறாமலே குறி மட்டும் குறுக்கும் நெடுக்கும் நடுங்குகிறது என்றால் எங்கோ லூஸ். டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்கும் உலோக வளையம்), டிரைவ் கியர், செயின் என்று 7, 9ஆம் படிகளில் தேடுங்கள்.

குறி நிலையாக இருக்கிறது, ஆனால் நடுநடுவே லைட்டே அடிக்காமல் விட்டுவிடுகிறது என்றால் அது டைமிங் ஆட்டம் அல்ல, மிஸ்ஸிங் (பொறி விழாமல் தவறுவது). நேராக 8ஆம் படிக்குப் போங்கள்.

தொடங்கும்போது சரியாக இருந்து, அரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரிட்டார்டு (பொறி பிந்தி விழும்) பக்கம் நகர்கிறது என்றால் பாயின்ட்டின் நார்க்கட்டை (டிஸ்ட்ரிபியூட்டர் கேமில் உரசும் கட்டை) தேய்கிறது. கேமில் கிரீஸ் தடவாமல் புது பாயின்ட் போட்டால் இது நிச்சயம் நடக்கும். கட்டை தேய்ந்தால் பாயின்ட் கேப் (திறக்கும்போது வரும் இடைவெளி) குறையும், பாயின்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்தங்கும்.

ஒன்று முதல் இரண்டு டிகிரி வரை நடுங்கினால் நான் அதைக் கோளாறாக எடுத்துக்கொள்வதில்லை. செயினும் கியரும் வழியாகச் சுற்றுகிற டிஸ்ட்ரிபியூட்டரில் அவ்வளவு இருக்கும்.

6. வேகம் ஆடுகிறதா, டைமிங் ஆடுகிறதா?

வேக்குவம் குழாயை (கார்புரேட்டரின் இழுவையைக் கொண்டுவந்து டைமிங்கை முன்தள்ளும் சிறு குழாய்) டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கழற்றி, குழாயின் வாயை அடைத்துவிடுங்கள். அடைக்காமல் விட்டால் அந்த வழியே காற்று இழுத்து ஐட்லிங் மாறும், சோதனை கெட்டுவிடும். குழாயைக் கழற்றியதும் ஆட்டம் நின்றால், குழாய் கார்புரேட்டரில் எந்த முனையில் மாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். த்ராட்டில் தகட்டுக்கு மேல் இருக்கும் முனையில் ஐட்லிங்கின்போது இழுவை இருக்கக் கூடாது. வேலை முடித்துத் திரும்ப மாட்டும்போது மேனிஃபோல்டில் மாட்டிவிடுவது சகஜமாக நடக்கிறது. இடம் சரியாக இருந்தும் இழுவை இருந்தால் த்ராட்டில் அதிகமாகத் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறைத்து, நின்றுவிடாத அளவுக்கு, 600 ஆர்பிஎம்முக்கும் கீழே இறக்குங்கள். அங்கே குறி அமைதியாகிவிட்டால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் வெயிட்கள் ஐட்லிங் வேகத்திலேயே விரியத் தொடங்குகின்றன என்று பொருள். வெயிட் விரிந்தால் அட்வான்ஸ் ஏறும், அட்வான்ஸ் ஏறினால் வேகம் ஏறும், வேகம் ஏறினால் வெயிட் இன்னும் விரியும். அப்புறம் சரிந்து விழும். இது ஓயாத ஊஞ்சல். ஸ்பிரிங் தளர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஐட்லிங் தேவைக்கு மேல் வைத்திருக்க வேண்டும்.

ஸ்பிரிங்கைப் பார்க்கும்போது ஒரு விஷயம். பல லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களில் இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று மெல்லியது. இன்னொன்று தடிமனானது, அதன் வளையம் நீள்வட்டமாக, முளையில் லொடலொடவென்று தொங்கும். பார்க்கிறவர்கள் அது இழுபட்டுக் கெட்டுவிட்டது என்று நினைத்து, குறடு வைத்து வளையத்தை நசுக்கி இறுக்கிவிடுகிறார்கள். அந்த லூஸ் வேண்டுமென்றே வைத்தது. முதலில் மெல்லிய ஸ்பிரிங் மட்டும் வேலை செய்து அட்வான்ஸ் வேகமாக ஏற வேண்டும், ஒரு அளவுக்கு மேல்தான் தடிமனானது பிடித்துக்கொண்டு ஏற்றத்தை மெதுவாக்க வேண்டும். இரண்டும் மெல்லியதாகவோ இரண்டும் இறுக்கமாகவோ போட்டால் அட்வான்ஸ் கணக்கே மாறிவிடும்.

இரண்டு சோதனையிலும் குறி அடங்கவில்லை, இன்ஜின் வேகமும் ஏறி இறங்குகிறது என்றால், மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்று இழுப்பு, டேப்பட் கேப், கார்புரேட்டர் கலவை ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டு இங்கே திரும்புங்கள். அவை தனி வேலை, இதில் விரிக்கவில்லை.

7. டிஸ்ட்ரிபியூட்டர்

பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள் எனக்குக் கிடைத்தது இங்கேதான். காரணம் எளிது: இன்ஜினுக்கு ரீபோர், கிராங்க் கிரைண்டிங், புது செயின் எல்லாம் செய்கிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டரைத் துடைத்து, மேல்மூடியும் பாயின்ட்டும் புதிது போட்டு, அதே நாற்பது வருஷத்து புஷ்ஷோடு திரும்ப மாட்டிவிடுகிறார்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. ஆகவே அங்கே ஒரு டிகிரி லூஸ் என்றால் புல்லியில் இரண்டு டிகிரியாகத் தெரியும். சின்ன லூஸ் என்று விட்டுவிட முடியாதது இதனால்தான்.

முதல் சோதனைக்கு எதையும் கழற்ற வேண்டாம். டைமிங் லைட்டின் கிளிப்பை முதலாம் பிளக் வயரில் மாட்டிக் குறியைப் பாருங்கள். அப்படியே நான்காம் பிளக் வயருக்கு மாற்றுங்கள். இந்த இன்ஜினின் ஃபயரிங் வரிசை 1-3-4-2. ஒன்றும் நான்கும் சேர்ந்தே உச்சிக்கு வருகிற பிஸ்டன்கள், எனவே இரண்டுக்கும் குறி ஒரே இடத்தில் தெரிய வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் கேமில் இந்த இரண்டின் லோப்களும் நேர் எதிரெதிரே இருக்கின்றன. ஷாஃப்ட் வளைந்திருந்தாலோ, லோப் ஒரு பக்கம் தேய்ந்திருந்தாலோ ஒன்றுக்கு 8 டிகிரி, நான்குக்கு 4 டிகிரி என்று பிரிந்து தெரியும். ஒவ்வொன்றும் தனித்தனியே நிலையாக நின்று, இடம் மட்டும் வேறுபட்டால் ஷாஃப்டோ லோப்போ. இரண்டுமே நடுங்கினால் புஷ் அல்லது அதற்குக் கீழே உள்ள டிரைவ்.

அடுத்து டுவெல் மீட்டர். பாயின்ட் கேப் 0.014 முதல் 0.016 அங்குலம். 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து), அதாவது 0.38 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள். பழைய 25டி4 வகை டிஸ்ட்ரிபியூட்டருக்கு டுவெல் 60 டிகிரி, மூன்று கூடவோ குறையவோ இருக்கலாம். 45டி4 வகைக்கு 51 டிகிரி, ஐந்து கூடவோ குறையவோ. வேக்குவம் குழாய் கழற்றிய நிலையிலேயே ஐட்லிங்கில் அளவெடுத்து, 2000 ஆர்பிஎம்முக்கு உயர்த்திப் பாருங்கள். மூன்று டிகிரிக்கு மேல் மாறினால் ஷாஃப்ட் புஷ்ஷில் ஆடுகிறது. டுவெல் ஒரு டிகிரி கூடினால் டைமிங்கும் கிராங்கில் ஏறக்குறைய ஒரு டிகிரி பின்தங்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது இன்ஜினை நிறுத்தி, மேல்மூடியைக் கழற்றி, கையால் பாருங்கள். ரோட்டரை எடுத்துவிட்டு ஷாஃப்ட்டின் தலையை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். பாயின்ட் திறந்த நிலையில் ஃபீலர் கேஜைச் செருகி வைத்துக்கொண்டு அசைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்: ஒரு பக்கம் தள்ளும்போது கேஜ் இறுகும், மறுபக்கம் இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு வரும். அப்படியானால் புஷ் மாற்றாமல் பாயின்ட் கேப் வைப்பது வீண். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை, உக்கடம் போன்ற இடங்களில் வாங்கும் டிஸ்ட்ரிபியூட்டரையும் வாங்கும் முன் இப்படி அசைத்துப் பார்த்துவிடுங்கள்.

ரோட்டரைத் திரும்ப மாட்டி, அது சுற்றும் திசையில் (மேலிருந்து பார்க்க இடஞ்சுழி) கையால் திருகி விடுங்கள். 'டப்'பென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். சோம்பலாக வந்தால் வெயிட்கள் சிக்குகின்றன. ஷாஃப்ட்டின் தலையில் உள்ள ஸ்க்ரூ மேல் இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விடுங்கள், இடுக்கு வழியாக உள்ளே இறங்கும்.

வேக்குவம் டயாஃப்ரத்தைச் சோதிக்க, குழாயை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். பாயின்ட் தட்டு நகர வேண்டும், நகர்ந்த இடத்தில் நிற்க வேண்டும். நகரும்போது தட்டு சாய்ந்து ஆடினால் கேப்பும் சேர்ந்து மாறும். அது வேறு பேஸ் பிளேட் போட வேண்டிய வேலை.

இந்தச் சோதனையைச் செய்யும்போது மல்டிமீட்டரையும் கூடவே மாட்டுங்கள். ஒரு முனை பாயின்ட் தட்டில், மறு முனை டிஸ்ட்ரிபியூட்டர் உடலில். ஏன் என்று சொல்கிறேன். நண்பர் ஒருவரின் வண்டியில் ஐட்லிங்கில் குறி அழகாக நின்றது, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததும் குறி குலைந்து இன்ஜின் திணறியது. கார்புரேட்டரை இரண்டு தடவை பிரித்துப் பூட்டியிருந்தார்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தட்டையும் உடலையும் இணைக்கும், துணி சுற்றிய குட்டி எர்த் வயர் வெளியே பார்க்கப் புதுசு போல இருந்தது. மீட்டரை மாட்டிவிட்டுக் குழாயை உறிஞ்சினேன். தட்டு நாலைந்து டிகிரி நகர்ந்ததும் மீட்டரில் இணைப்பு அறுந்தது. விட்டதும் திரும்ப வந்தது. துணிக்குள் செம்பு இழைகள் அத்தனையும் ஒடிந்து, ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றிருக்கின்றன. வளையக்கூடிய மெல்லிய பல இழை வயரில் இரண்டு அங்குலம் வெட்டி மாட்டினோம், பிரச்சினை முடிந்தது. கெட்டியான ஒற்றைக் கம்பியை மட்டும் இங்கே போடாதீர்கள். தட்டை நகரவிடாது, சீக்கிரம் ஒடியும்.

பாயின்ட்டுக்கு வரும் மெல்லிய வயரையும் அப்படியே வளைத்து வளைத்துப் பாருங்கள். பாயின்ட் முளையில் உள்ள நார் வாஷர் வரிசை மாறிப் பூட்டியிருந்தால் அங்கே அவ்வப்போது எர்த் ஆகும்.

பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் கிட் போட்டால் புஷ் ஆட்டம் தீர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கேப் மாறும் தொல்லை போகும், உண்மைதான். ஷாஃப்ட் ஆடினால் சென்சார் முன்னால் காந்தமும் சேர்ந்துதான் ஆடும். முதலில் புஷ், அப்புறம் கிட்.

8. மின்சாரப் பக்கம்

இன்ஜினுக்குப் புதிதாக பெயின்ட் அடித்திருப்பார்கள். எர்த் பட்டை உட்காரும் இடத்திலும் பெயின்ட் இருக்கும். சில வேளை இன்ஜினுக்கும் சேஸிக்கும் இடையிலான அந்தப் பட்டையையே மாட்ட மறந்திருப்பார்கள். அப்போது கரன்ட், சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சுட்டால் இதுதான் காரணம். பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பில் பட்டையைப் பூட்டுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் இடத்துக்கும் இதே விதி.

சாவி போட்டு, பாயின்ட் மூடியிருக்கும் நிலையில், காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனைக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே வோல்ட் அளவெடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாயின்ட் முகத்திலோ எர்த்திலோ தடை இருக்கிறது. புது பாயின்ட்டில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியிருக்கும் எண்ணெயைத் துடைக்காமல் மாட்டுவது இதற்கு அடிக்கடி காரணமாகிறது.

சாவி சுவிட்சைச் சந்தேகித்தால், பேட்டரியிலிருந்து காயிலின் சப்ளை முனைக்கு ஒரு தனி வயர் போட்டு ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். மிஸ்ஸிங் நின்றால் சுவிட்சோ அதன் வயரிங்கோ. காயிலுக்கு முன் ரெசிஸ்டர் இருக்கும் வண்டிகளில் இதை நீட்டிக்காதீர்கள், காயில் சூடாகிவிடும். நிறுத்தும்போது சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்காது, அந்த வயரைக் கழற்றினால்தான் நிற்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மேல்மூடியின் உள்ளே நடுவில் உள்ள கார்பன் முனை அமுக்கினால் உள்ளே போய்த் தானாக வெளியே வர வேண்டும். முனைகளுக்கு இடையே மயிரிழை போலக் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் மூடியை மாற்றுங்கள், சுரண்டிப் பயனில்லை.

9. செயினும் டிரைவ் கியரும்

இதைக் கடைசிக்கு முன் வைத்ததற்குக் காரணம், இங்கே கோளாறு என்றால் முன்பக்கம் முழுக்கப் பிரிக்க வேண்டும். மேலே உள்ளதெல்லாம் சரி என்று உறுதியான பின்தான் இங்கே கை வைக்க வேண்டும்.

பின் சக்கரத்தைத் தூக்கிய அதே ஏற்பாட்டில், பிளக்குகள் கழற்றிய நிலையில், கிராங்கை முன்பக்கமாகச் சுற்றி ரோட்டர் நகரும்போது நிறுத்துங்கள். காகிதப் பட்டையில் அந்த இடத்தைக் குறியுங்கள். ஒருவர் ரோட்டரையே பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் மெல்லப் பின்பக்கமாகச் சுற்றட்டும். ரோட்டர் அசைந்த கணத்தில் நிறுத்திப் பட்டையைப் பாருங்கள். இடையில் போன டிகிரிதான் செயின், கியர், டிஸ்ட்ரிபியூட்டர் அடிமுனை எல்லாம் சேர்ந்த மொத்த லூஸ். மூன்று நான்கு டிகிரி வந்தால் நான் மூடிவிடுவேன். புது செயின் போட்ட இன்ஜினில் எட்டு, பத்து வந்தால் கவரைப் பிரிக்காமல் விடமாட்டேன்.

பிரித்தால் முதலில் பார்க்க வேண்டியது டென்ஷனர். ஆலன் கீ போட்டுத் திருப்பி விடுவிக்கும் வகை டென்ஷனராக இருந்தால், பூட்டிய பின் விடுவிக்க மறந்திருப்பார்கள். அதன் ரப்பர் முகம் செயினைத் தொடாமல் உள்ளேயே பூட்டிக் கிடக்கும். புது செயின், புது டென்ஷனர், ஆனாலும் லூஸ் என்றால் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது கேம்ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டம். அளவு 0.003 முதல் 0.007 அங்குலம். டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றும் கியரின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. கேம்ஷாஃப்ட் முன்னும் பின்னும் நழுவினால் அந்தச் சாய்வு, நழுவலைச் சுழற்சியாக மாற்றி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பும். முன் தட்டு தேய்ந்திருந்தால் செயின் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் குறி நடுங்கும். டிரைவ் ஸ்பிண்டில் மேலும் கீழும் ஏறி இறங்கினாலும் இதே விளைவு. அதைப் பிடித்திருக்கும் ஹவுசிங்கின் ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

10. இப்போது கிளாம்ப்பைத் தொடலாம்

ஆட்டம் நின்றுவிட்டது. டைமிங் வைக்கலாம். வரிசை முக்கியம்: முதலில் பாயின்ட் கேப், பிறகுதான் டைமிங். கேப்பை மாற்றினால் டைமிங் மாறும், டைமிங்கை மாற்றினால் கேப் மாறாது.

முதலாம் பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்தம் வரும் சுற்றைக் கண்டுபிடித்து, மேனுவலில் சொன்ன டிகிரியில் கிராங்கை நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் கொஞ்சம் பின்னுக்கு வந்து சரிசெய்யாதீர்கள். நன்றாகப் பின்னுக்குக் கொண்டுபோய், மறுபடி முன்பக்கமாகச் சுற்றியே அந்த இடத்துக்கு வர வேண்டும். இல்லையென்றால் செயின் லூஸ் முழுதும் உங்கள் டைமிங்கில் சேர்ந்துவிடும்.

பல்பின் ஒரு வயரைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையிலும், மறு வயரை எர்த்திலும் மாட்டிச் சாவியைப் போடுங்கள். பாயின்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். கிளாம்ப்பைத் தளர்த்தி, முதலில் பல்பு அணையும் வரை டிஸ்ட்ரிபியூட்டரை இடஞ்சுழியாகத் திருப்பி, பிறகு எரியும் வரை வலஞ்சுழியாக மெல்லக் கொண்டுவந்து அங்கேயே இறுக்குங்கள். வலஞ்சுழியாகத் திருப்பினால் அட்வான்ஸ், இடஞ்சுழியாகத் திருப்பினால் ரிட்டார்டு. ரோட்டரை அதன் சுற்றுத் திசைக்கு எதிராக விரலால் லேசாக அணைத்துப் பிடித்திருங்கள், அடிமுனையில் உள்ள லூஸ் குறுக்கே வராது. இறுக்கிய பின் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பல்பு அதே டிகிரியில் எரிகிறதா என்று பாருங்கள். கிளாம்ப் இறுகும்போது டிஸ்ட்ரிபியூட்டர் தானாக ஒரு டிகிரி நகர்வது உண்டு.

பிறகு ஸ்டார்ட் செய்து, வேக்குவம் குழாய் கழற்றி அடைத்த நிலையில் லைட்டைப் பிடியுங்கள். வேகத்தை மெல்ல உயர்த்தினால் குறி வழுக்கிக்கொண்டே போக வேண்டும், குதிக்கக் கூடாது. இறக்கினால் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். மூன்று முறை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு முறையும் எங்கே வந்து நின்றது என்று நோட்டில் எழுதுங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் வேக்குவம் குழாயை மாட்டி ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். டாப் கியரில் மேடு ஏறும்போது இன்ஜினில் 'கிணிகிணி'வென்று நாக்கிங் சத்தம் வந்தால் ஒன்றிரண்டு டிகிரி குறையுங்கள்.

புது பாயின்ட்டின் நார்க்கட்டை முதல் சில நூறு கிலோமீட்டரில் கேமோடு பழகிக் கொஞ்சம் தேயும். 500 கிலோமீட்டர் ஓடியதும் கேப்பைத் திரும்ப 15 தௌக்கு வைத்து, டைமிங்கை மறுபடி பாருங்கள். அன்று கிடைக்கும் அளவையும் அதே நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.